கேட்போர் யார்?

நூல் ஒன்றை இயற்றுவோர் அதன் முகப்பில் இன்னின்ன செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்று நம் இலக்கணிகள் வகுத்து வைத்தனர். அதற்குப் பாயிரம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டுவனவாக எட்டுச் செய்திகளைக் குறிப்பிடுகின்றது. நூலை ஆக்கியவர் யார், நூலின் பெயர் யாது, அது எதனைப் பற்றிப் பேசுகின்றது, அதனால் விளையும் பயன் யாது என்பன போன்ற வினாக்களுக்கு விடையாக அமைவன அவை. அவ்வெட்டனுள் ஒன்று 'கேட்போர்' என்பதாகும். எழுதத் தொடங்கும் முன்னரே, இதனைக் கேட்கப்போகின்றவர் யார் என்று முடிவு செய்தாக வேண்டும் என்பதும், அம்முடிவை நூலின் வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதும் நம் முன்னோர் கொள்கை. இன்று விளம்பரத் துறையினரும் இதழியல் துறையினரும் ஏதோ மேலைநாட்டிலிருந்து வந்த புதுப்பொருள் போல இதனைப் பேசுகின்றனர். தமிழ்த்துறை மாணவர் இதனைத் தம் இலக்கண நூலிலேயே கண்டுகொள்ளலாம்.

எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. நன்னூலார் காலத்துக் கேட்போர் ஆசிரியரின் முன்னே கைகட்டி அமர்ந்திருந்தவர். 'இன்ன நூலைக் கற்று முடித்தோரே இதனைக் கேட்டற்கு உரியர்' என்று உரையாசிரியர்கள் எழுதினர். கேட்போன் நூலின் உயரத்திற்கு ஏறி வர வேண்டும். வர இயலாதவனை ஓட்டைக் குடத்தோடும் எருமையோடும் ஒப்பிட்டுக் கடைமாணாக்கன் என்று ஒதுக்கவும் நன்னூல் தயங்கவில்லை. இக்காலத்தில் அந்த உரிமை எழுதுவோர்க்கு இல்லை. மீஞ்சூரில் ஏறிச் சென்னை சென்ட்ரல் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் சன்னலோரம் அமர்ந்திருக்கின்றாரே, அவரே இன்றைய கேட்போர். அவர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓய்வு உண்டு. நம் கட்டுரையின் முதற்பத்தி அவர்க்குப் பிடிக்கவில்லையென்றால் அவர் எருமை ஆகிவிடுவதில்லை. பக்கத்தைத் திருப்பிவிடுகின்றார், அவ்வளவே. ஒதுக்கப்படுபவர் இப்போது எழுதியவர்தாம்.

அதே நன்னூல் பிறிதோர் இடத்தில் ஆசிரியர்க்கும் ஒரு கடமையை விதிக்கின்றது. மாணவன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து அவ்வகையில் அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. எழுதுவோர்க்கு இவ்விரண்டனுள் பின்னதே உதவும்.

கிஸ்ஸாவும் மசலாவும்

தமிழில் இஸ்லாமிய இலக்கியம் வளர்ந்த வரலாற்றை இந்த நோக்கில் ஆராய்ந்தால் வியப்பான உண்மைகள் புலப்படும். 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறியதாக அறியப்படுவது வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது இதுவே என்பர். நூலின் வடிவம் வினாவும் விடையும். கேட்கின்றவர் அப்துல்லா இப்னு சலாம் என்னும் யூத அறிஞர்; விடை தருபவர் நபிகள் நாயகம் அவர்கள். கொள்கைகளை வரிசையாக அடுக்கிச் சொன்னால் சபையில் இருப்போர் களைத்துப்போவர். ஒருவர் ஐயம் எழுப்ப, மற்றவர் விடை கூற, அடுத்த வினா யாதாக இருக்கும் என்று கேட்போர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். கேட்போர் மனத்தில் எழக்கூடிய வினாவையே நூலுக்குள் ஒருவர் வாயில் வைத்துவிடுவது இவ்வடிவத்தின் நுட்பம்.

மசலாவைப் போன்றே கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனப் புதிய வடிவங்களை முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தனர். இவற்றை வெறும் இலக்கிய வகைகளாகப் பட்டியலிட்டுத் தேர்வில் மதிப்பெண் பெறுவதோடு நாம் நிறுத்திக்கொள்கின்றோம். ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தை மனத்திற்கொண்டு பிறந்தது. கிஸ்ஸா, இரவு நேரத்தில் ஒருவர் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும் கதை. முனாஜாத்து, தனியே இருந்து இறைவனிடம் முறையிடும் மனத்திற்கு உரியது. படைப்போரில் முழங்கும் ஓசை முனாஜாத்திற்கு ஆகாது.

உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடியபோது, அங்கே மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் காட்சியைப் பாடினார். பாலையில் ஏது நெல் வயல் என்று சிலர் இதனைக் குறையாகச் சொல்வதுண்டு. சீறாப்புராணத்தைக் கேட்க அமர்ந்தவர் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் வாழ்ந்தவர். காப்பியம் என்றால் நாட்டு வளத்தில் தொடங்கும் என்று எதிர்பார்த்துப் பழகியவர். செழிப்பு என்பதை அவர்க்கு உணர்த்தும் சொல் பேரீச்சஞ்சோலை அன்று, நெல் வயலே. புலவர்க்குப் புவியியல் தெரியாமல் இல்லை; தம் எதிரே இருப்பவரைத் தெரிந்திருந்தது.

எழுத்தையே மாற்றியவர்கள்

இவை அனைத்தையும் விட எனக்கு வியப்பூட்டுவது அறபுத் தமிழ்தான். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் தமிழையே பேசி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களில், குறிப்பாகப் பெண்கள், திருக்குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்துகளைச் சிறுவயதிலேயே கற்றனர். தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு அவர்களுள் பலர்க்குக் கிட்டவில்லை. ஆகவே அவர்கள் அறிந்த மொழி தமிழ். அறிந்த எழுத்து அரபு. இத்தகைய ஒரு வாசகர்க்கு எழுதப் புகுவோர் என் செய்வது? தமிழ் எழுத்தில் எழுதினால் படிக்க இயலாது. அரபு மொழியில் எழுதினால் படிப்பார், பொருள் விளங்காது. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது ஒன்றே வழி.

சொல்வது எளிது. அரபியில் தமிழின் பகரம் இல்லை. டகரம், ணகரம், ளகரம், ழகரம் இல்லை. எகர ஒகரங்களைக் குறிக்கும் குறியும் இல்லை. இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டியும் குறிகளைச் சேர்த்தும் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபு மொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். தம் புலமை விளங்க அரபியிலேயே எல்லாவற்றையும் எழுதி அறிஞர் அவையின் பாராட்டைப் பெற்றிருக்கலாம். அவ்வாறு எழுதவும் செய்தார். ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய மார்க்கச் சட்டங்களைச் சொல்லும் 'மகானி' என்னும் நூலை அறபுத் தமிழில் எழுதினார். அந்நூலின் கேட்போர் அறிஞர் அவையினர் அல்லர். அடுப்படியிலும் திண்ணையிலும் இருந்தோர்.

ஒரு தலைமுறைக்குப் பின் நிலைமை மாறிற்று. பள்ளிக்கூடங்கள் பெருகின, தமிழ் எழுத்தைக் கற்றோர் தொகை கூடிற்று. முஹம்மது காசிம் சித்திலெப்பை இலங்கையில் 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டில் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வியைப் பற்றி வெறும் அறிவுரையாக எழுதினால் படியாதவரையும் கதை இழுத்துவரும் என்று சித்திலெப்பை கணித்தார். 1920களில் பா. தாவூத்ஷா தம் 'தாருல் இஸ்லாம்' இதழில் நல்ல தமிழ் உரைநடையைக் கையாண்டபோது அவர் முன் இருந்தவர் வேறொரு வாசகர்: பள்ளியில் தமிழ் பயின்று, பிற சமயத்து நண்பரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து வளர்ந்தவர். அறபுத் தமிழ் அதன் பின்னர் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. இதனை ஒரு பேரிழப்பாகப் புலம்புவோர் உளர். தமிழ் எழுத்திலிருந்து ஒதுங்கியிருந்த காலம் நீங்கியது நன்றே என்போரும் உளர். இருசாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். கேட்போர் மாறினர், அவர்க்கென்று செய்யப்பட்ட வடிவமும் அவரோடு போயிற்று. தம் வாசகர் யார் என்று ஒருமுறை கண்டுகொண்டவர், அவர் இன்னும் அவ்விடத்திலேயே இருக்கின்றாரா என்று பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

தேநீர்க் கடையும் தந்தியும்

சி. பா. ஆதித்தனார் இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1942ஆம் ஆண்டில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். அப்போதிருந்த நாளிதழ்கள் படித்தவர்க்காகப் படித்தவர் எழுதியவை. வடசொல் விரவிய நீண்ட வாக்கியங்கள். சட்டசபையும் தலைவர்களின் அறிக்கைகளுமே செய்தி. ஆதித்தனார் மனத்திற்கொண்ட வாசகர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து ஒருவர் உரக்கப் படிக்க, நால்வர் கேட்பர். ஆகவே வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். தலைப்பு தொலைவிலிருந்து தெரிய வேண்டும். செய்தி நம் ஊர்ச் செய்தியாக இருத்தல் வேண்டும். பேச்சுத் தமிழில் உள்ள கொச்சையை நீக்கிவிட்டு அப்படியே எழுதுக என்பது அவர் தம் செய்தியாளர்க்குச் சொன்ன நெறி. அவர் எழுதிய இதழாளர் கையேட்டில் இதனை இன்றும் காணலாம்.

தமிழ்த்துறைகளில் இந்த நடையைப் பற்றி ஓர் இளக்காரம் நெடுநாளாக உண்டு. குற்றச் செய்திகளுக்கு அளவுக்கு மீறிய இடம் அளித்தது குறித்து எவ்வளவும் குறை சொல்லலாம்; அது வேறு வழக்கு. நடையைப் பொறுத்தவரையில் இளக்காரம் செய்வோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டும். தாம் கடைசியாக எழுதிய கட்டுரையின் ஒரு பத்தியை எடுத்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர்க்குப் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுப் பார்க்கட்டும். எளிமையாக எழுதுவதற்கு எழுதும் பொருள் எழுதுவோர்க்கு முழுவதும் விளங்கியிருத்தல் வேண்டும். விளங்காத இடத்தைச் சொற்களால் மூடி மறைக்கும் வசதி எளிய நடையில் இல்லை.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை வந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. வழக்கில் சிக்கியவன் தன்னைத் தண்டித்த தீர்ப்பைத் தானே படிக்க இயலாதிருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதிதாக எழுத்தறிந்த பெண்களுக்குச் சிறுவர் பாடநூலைக் கொடுத்தால் அவர்கள் வெட்கி ஒதுங்குவர் என்பதை உணர்ந்து, கூலி, நிலம், உடல்நலம் என அவர்தம் வாழ்க்கையிலிருந்தே பாடங்களை எடுத்தனர். எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அம்மாவட்டத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்றதாக அக்காலத்துச் செய்திக் கட்டுரைகள் கூறின. படிக்கப்போகின்றவர் குழந்தை அல்லர், முதிர்ந்த மனிதர் என்று தெரிந்துகொண்டதே அவ்வியக்கத்தின் பாதி வெற்றி எனலாம்.

மீஞ்சூர்த் தண்ணீர்: ஒரு பயிற்சி

இனி நம் ஊருக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள மீஞ்சூரைப் பற்றி எழுத விரும்பும் மாணவர்க்கு, நிலத்தடி நீரை விடச் சிறந்த பொருள் கிடையாது. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் அடியில் நல்ல நீர் தேங்கிய மணற்படுகைகள் இருந்தன. சென்னை மாநகரின் தாகம் தீர்க்க, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்து நீர் இறைக்கப்பட்டது. வேளாண்மைக்கும் ஆலைகளுக்கும் இறைத்தது வேறு. கடல் உள்ளே வந்தது. 1980களின் இறுதிக்குள் உவர்நீர் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவு நிலத்தடியில் ஊடுருவிவிட்டது. 1987ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2010ஆம் ஆண்டில் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல தண்ணீரைக் கொடுத்த மண்ணின் ஓரத்தில் கடல்நீரைக் காய்ச்சாமல் வடிகட்டிக் குடிக்கும் நிலை!

இதனை எழுதும் பொறியியல் வல்லுநர், 'கரையோர நீர்தாங்கிகளில் நன்னீர் – உவர்நீர் இடைமுகத்தின் ஆழம், நீர்மட்டத்தின் கடல்மட்டச் சார்பு உயரத்திற்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. மிகை இறைப்பால் இடைமுகம் மேல்நோக்கி இடம்பெயர்கின்றது' என்று எழுதுவார். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மீஞ்சூரில் கிணறு வைத்திருப்பவர் இதனைப் படித்துவிட்டு, மறுநாளே ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நாற்பதடி இறக்க ஆள் தேடுவார்.

அவர்க்கு இப்படி எழுதலாம்: 'கடல்நீர் கனமானது, நன்னீர் அதைவிட இலேசானது. ஆகவே பூமிக்கு அடியில் நன்னீர் மேலேயும் கடல்நீர் கீழேயும் நிற்கின்றன. கடல் மட்டத்திற்கு மேலே உங்கள் கிணற்று நீர் ஓரடி உயரம் நின்றால், அந்த ஓரடி நீர் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை கடல்நீரை அழுத்தி வைத்திருக்கின்றது. ஓரடி நீரை இறைத்துத் தீர்த்துவிட்டால் மேலே குறைவது ஓரடிதான். நாளடைவில் கீழேயிருந்து உப்புநீர் ஏறிவருவது நாற்பது அடி. நீர் உவர்த்துவிட்டதென்று கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால், நீங்கள் நல்ல நீரை நோக்கிச் செல்லவில்லை. கடலை நோக்கிச் செல்கின்றீர்கள்.'

இவ்விரண்டனுள்ளும் அறிவியல் ஒன்றே. இரண்டாவதில் அறிவியல் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லவியலாது. நாற்பது என்னும் கணக்கு கூடுதலாகவே வந்திருக்கின்றது. முதலாவதில் ஒரு கொள்கை இருக்கின்றது. இரண்டாவதில் அக்கொள்கையைக் கொண்டு நாளைக் காலை எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருக்கின்றது. அம்முடிவில் அவர்தம் சேமிப்பு அடங்கியிருக்கின்றது.

அதே பொருளை இல்லத்தரசியர்க்கு எழுதுவோர் கடல் மட்டத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. பருப்பு வேக மறுக்கின்றது, சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பூச்சுப் படிகின்றது. இவை அவர்கள் நாள்தோறும் காண்பவை. அங்கிருந்து தொடங்கி, நீரில் கரைந்துள்ள உப்பு வகைகளைச் சொல்லி, நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உவர்ப்புப் போகாது என்னும் இடத்திற்கு வந்து சேரலாம். பேரூராட்சி உறுப்பினர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எழுதுவதாயின் எண்கள் வேண்டும். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கின்றது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35,000. இவ்வெண்களை முன்வைத்து, நம் தெருக் குழாயில் எவ்வளவு என்று கேட்டுவிட்டால் போதும்; கட்டுரையின் எஞ்சிய பகுதியை அவர்களே நடத்திக்கொள்வர்.

மாணவர்கள் பெரும்பாலும் இம்மூவரையும் ஒரே கட்டுரையில் நிறைவு செய்ய முயல்கின்றனர். 'அனைவர்க்கும்' என்று எழுதப்பட்ட கட்டுரைகள் எங்கள் துறையில் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றைப் படிப்பவர் திருத்தும் ஆசிரியர் ஒருவரே.

நள்ளிரவில் படிக்கப்படும் எழுத்து

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பணம் போகும், காலம் போகும். உயிர் போகும் இடமும் உண்டு.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சு வாயு பரவியபோது, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்னும் எளிய செய்தி பெரும்பாலான மக்களைச் சென்று அடைந்திருக்கவில்லை. ஆலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர் பலர்க்கோ இந்தியே தெரியும். அவ்விபத்துக்குப் பின்னர், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், ஆலையால் விளையக்கூடிய தீங்குகளைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்கும் கடமையை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. 'அறிவித்தல்' என்று சட்டம் சொல்லிற்று. அறிவித்தது புரிந்ததா என்று சோதிக்கும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதுதான் வினா.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எண்ணூரிலிருந்து மீஞ்சூர் தொலைவில் இல்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், வல்லூரில் மற்றொன்று, காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை என நம்மைச் சுற்றி ஆலைகளே உள்ளன. ஆகவே இத்தகைய ஓர் இரவுக்கென எழுதப்படும் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்வது தமிழ்த்துறைக்கு அயலான வேலை அன்று.

வழக்கமான அறிவிப்பு எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம்: 'வாயுக் கசிவு ஏற்படும் சூழலில் பொதுமக்கள் பதற்றமடையாது உரிய பாதுகாப்பு நெறிமுறைகளைக் கடைப்பிடித்துப் பாதுகாப்பான இடங்களுக்கு விரைந்து செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இதில் இலக்கணப் பிழை இல்லை. கேட்டுக்கொள்பவர் யார் என்று தெரியவில்லை. உரிய நெறிமுறை யாது என்று தெரியவில்லை. பாதுகாப்பான இடம் எது என்பதுதான் தெரிய வேண்டியதே, அதுவும் இல்லை. கோப்பில் வைப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம் இது. இதன் கேட்போர் மேலதிகாரி.

கண் எரிந்து, கையில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு எழுதிப் பார்ப்போம்:

'கண் எரிகிறதா? மூக்கைக் குத்தும் நெடி வருகிறதா? துணியைத் தண்ணீரில் நனையுங்கள். குழந்தையின் மூக்கையும் உங்கள் மூக்கையும் மூடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். காற்று போகும் பக்கம் ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போங்கள். போக வழி இல்லையா? வீட்டுக்குள் வாருங்கள். கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். இடுக்குகளில் ஈரத்துணியைத் திணியுங்கள். மூச்சு முட்டுகிறவர்க்கு 108ஐ அழையுங்கள்.'

இங்கே ஒவ்வொரு வரியும் ஒரு செயல். வரிசையும் செயலின் வரிசையே. உடல் முதலில் உணர்வது எரிச்சலும் நெடியும். ஆகவே அங்கிருந்து தொடக்கம். 'அம்மோனியா' என்னும் பெயர் இவ்வறிவிப்பில் எங்கும் இல்லை என்பதையும் நோக்குக. அம்மோனியா நீரில் எளிதில் கரையக்கூடியது. அதனால்தான் ஈரத்துணி ஓரளவு தடுக்கின்றது. இக்காரணத்தைப் பகலில், பள்ளி வகுப்பறையில், விரிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் காரணம் கேட்போர் இரார்.

'காற்றுக்குக் குறுக்கே' என்பது நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு உடனே விளங்காது. கொடியில் காயும் துணி எப்பக்கம் பறக்கின்றது என்று பார்க்கச் சொன்னால் விளங்கும். பழவேற்காட்டு மீனவர்க்கோ அவ்வளவும் தேவையில்லை. கொண்டல் என்றால் கடலிலிருந்து கரைக்கு, வாடை என்றால் வடக்கிலிருந்து என்று காற்றுக்குப் பெயரிட்டுப் பழகியவர் அவர். கொண்டல் அடிக்கும்போது வாடைப் பக்கமோ தென்பக்கமோ விலகுங்கள் என்று அவர்தம் சொல்லிலேயே எழுதினால், நம்மைவிட விரைவாகத் திசை கண்டுகொள்வார். ஒரே அறிவிப்பைக் குப்பத்திற்கு ஒருவிதமாகவும் மீஞ்சூர்க் கடைத்தெருவுக்கு ஒருவிதமாகவும் எழுதுவதில் தவறேதும் இல்லை. மொழித் தூய்மை கருதி இவற்றை ஒன்றாக்க முனைவோர், அந்த ஒன்றை யார் படிப்பார் என்றும் சொல்ல வேண்டும்.

எழுத்தறியாதவர்க்கு ஒலிபெருக்கி. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றிலும் ஒலிபெருக்கி இருக்கின்றது. ஊர் விழித்தெழும் குரல்கள் அவை. அவற்றில் படிப்பதற்கான வாசகம் இன்னும் குறுகியதாக, அரை நிமிடத்தில் முடிந்து மீண்டும் மீண்டும் சொல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். படிக்கப்போகின்றவர் மோதினாராகவோ பூசகராகவோ கோயிற்பிள்ளையாகவோ இருப்பார். அவரும் அப்போது இருமிக்கொண்டிருப்பார் என்பதை மனத்திற்கொண்டு எழுதுக. நீண்ட கூட்டுச் சொற்கள் அவர் வாயில் உடைந்துபோகும்.

இனி, இவ்வட்டாரத்தில் வாழ்வோர் தமிழ் அறிந்தோர் மட்டும் அல்லர். வடபகுதி ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கின்றனர். அறபுத் தமிழைப் படைத்தோர் எதிர்கொண்ட சிக்கலே இங்கே மீண்டும் வந்து நிற்கின்றது: தமிழைக் கேட்டால் ஓரளவு புரிந்துகொள்ளும் ஒருவர், அதனை எழுத்தில் கண்டால் கோலம் என்று கடந்துவிடுகின்றார். இந்தி எழுத்திலும் ஒடியா எழுத்திலும் வங்க எழுத்திலும் மேற்கண்ட வரிகளைப் பெயர்த்தெழுதலாம். அவ்வெழுத்துகளில் தமிழ் வாக்கியம் ஒன்றையும் எழுதி வைக்கலாம். பக்கத்து வீட்டார் 'ஈரத்துணி' என்று கத்தும்போது அச்சொல் அவர் காதுக்குப் பழகியிருக்கும்.

இவ்வாண்டு எங்கள் துறை மாணவர்கள் இதனைப் பயிற்சியாக மேற்கொள்ளலாம் என்பது என் விருப்பம். எழுதிய வரைவை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குச் செல்லட்டும். மீஞ்சூர்ச் சந்தையில் காய் விற்கும் மூதாட்டி ஒருவர்க்கு ஒருமுறை மட்டும் உரக்கப் படித்துக் காட்டி, 'ஆத்தா, இப்ப என்ன செய்வீங்க?' என்று கேட்கட்டும். பழவேற்காட்டில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்கட்டும். அத்திப்பட்டுக் கொட்டகையில் ஓர் இளைஞரிடம் கேட்கட்டும். அவர்கள் எந்தச் சொல்லில் தயங்குகின்றனரோ அந்தச் சொல்லின் கீழ்க் கோடிட்டுக்கொண்டு வரட்டும். படமும் வரையட்டும். அப்படத்தில் புகை செல்லும் திசைக்கும் ஆள் செல்ல வேண்டிய திசைக்கும் வெவ்வேறு வண்ணத்தில் அம்புக்குறி இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சிவப்பில் தீட்டினால், பார்ப்பவர் புகையின் பின்னாலேயே போய்விடக்கூடும்.